மலைக்குக் குடிபோறது: கூடலூரா, கோத்தகிரியா, பண்ணைக்காடா?

12 ஜூன் 2024. அம்பத்தூர் வாசகர் கேட்டது

அடுத்த வருஷம் ஓய்வு. இந்த மே மாச வெயிலோட சென்னை போதும்னு ஆயிடுச்சு. நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும்தான். மலைப்பக்கம் சின்னதா ஒரு வீடு, கொஞ்சம் தோட்டம், அவ்வளவுதான் ஆசை. எல்லா மலையும் ஒண்ணுதானே? எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர். கூடலூர் பக்கம் ஒரு ஏக்கர் ரொம்ப சல்லிசா வருது. தரகர் அவசரப்படுத்துறார். முன்பணம் கொடுத்திடலாமா?

12 ஜூன் 2024, ராத்திரி

கொடுக்காதீங்க சார். விவரமா நாளைக்கு எழுதுறேன். இதை மட்டும் இன்னிக்கே படிச்சிடுங்க.

13 ஜூன் 2024

நாங்க சென்னையை விட்டு வந்து கோத்தகிரி பக்கம் வாடகை வீட்ல இருக்கோம். நான், மனைவி, அம்மா. வர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு மலை சுத்தினோம். அதை வெச்சு சொல்றேன்.

உயரத்துக்கும் குளிருக்கும் சம்பந்தம் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. 1,000 மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100க்கு மேல, குன்னூர் 1,850, ஏற்காடு 1,500. கூடலூர், ஏலகிரி, வால்பாறை எல்லாம் 1,000, 1,100 அளவுலதான். ஆனா இந்தக் கணக்கு கோடை விடுமுறைக்கு வர்றவங்களுக்குப் போதும். குடியிருக்கிறவனுக்கு வேற கேள்வி: அந்தச் சரிவுல விழுறது எந்த மழை?

ஒரே நீலகிரிதான். ஜூன்ல தென்மேற்குக் காத்து கிளம்பினா தேவாலா, பந்தலூர், கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மி.மீ.க்கு மேல பெஞ்சது. சென்னைக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிறதே 1,400 சுமார்தான், யோசிச்சுப் பாருங்க. அதே நேரம் தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கிற எங்களுக்கு சாரல், மேகம், காத்து, அவ்வளவுதான். எங்க முறை ஐப்பசி, கார்த்திகையில வரும்.

அதனால "நீலகிரியில வாங்கலாமா"ங்கிற கேள்விக்கே பதில் கிடையாது. நீலகிரியில எந்தப் பக்கம்னு கேளுங்க.

13 ஜூன் 2024, மறுபடியும்

கூடலூர் ஏன் சல்லிசுன்னு சொல்ல விட்டுப்போச்சு. அதுதான் முக்கியம்.

அந்தப் பக்கத்து நிலத்துல பெரும்பகுதி ஒரு காலத்துல நிலம்பூர் கோவிலகம்ங்கிற கேரள அரச குடும்பத்தோட ஜென்மி நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969ல கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதுல 17ஆம் பிரிவுக்குக் கீழே வர்ற குத்தகை நிலங்களோட விவகாரம் இன்னும் முடியலை. அங்கே "செக்‌ஷன் 17 நிலம்"னு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைமுறையா அங்கேயே பாடுபட்டவங்களுக்கே பட்டா இல்லை, கரன்ட் இணைப்புக்கு வருஷக்கணக்கா அலையுறாங்க. அவங்க நிலைமையே அப்படின்னா, வெளியூர்ல இருந்து போய் ஒரு ஏக்கர் வாங்குற உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஒரு வெள்ளைத்தாள் ஒப்பந்தம்.

தரகர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "இது செக்‌ஷன் 17ஆ?" "அதெல்லாம் இப்ப சரியாயிடும் சார்"னு பதில் வந்தா போனை வெச்சிடுங்க.

கூடலூர் மோசம்னு நான் சொல்லலை. நல்ல பட்டா நிலமும் இருக்கு. மிளகு, காப்பி, இஞ்சின்னு மண்ணு பொன்னா விளையுற ஊரு. ஆனா காகிதம் சுத்தமா இருந்தா அது சல்லிசா வராது.

15 ஜூன் 2024

மசினகுடி பத்தி ஒருத்தர் தனியா கேட்டிருந்தார். மசினகுடி இருக்கிற சீகூர் பீடபூமியோட யானை வழித்தடத்தை 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணிடுச்சு. அதுக்கு முன்னாடியே 2018ல அங்கே விடுதிகளுக்கு சீல் வெச்சாங்க. யானை நடக்கிற வழியில வீடு கட்டணுமான்னு சட்டத்தை விட்டுட்டு மனசாட்சியைக் கேட்டாலே பதில் வந்துடும். இதுக்கு மேல எழுத எனக்கு விருப்பம் இல்லை.

21 ஜூன் 2024

கொடைக்கானலை ஏன் விட்டீங்கன்னு கேட்டிருக்கீங்க. கொடைக்கானல் டவுனைத்தான் விட்டோம். கீழ்ப்பழனி மலையை விட மனசே இல்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி. காப்பியும் மிளகும் மலைவாழையும் ஆரஞ்சும் ஒரே தோட்டத்துல நிழலுக்கு நிழல் நிக்கும். விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடே இருக்கு. முடிக்கொத்து நோய் வந்து மலைவாழையை எவ்வளவு அழிச்சுதுன்னு அங்கத்துப் பெரியவங்க சொன்னா கேட்கிறவனுக்கு நெஞ்சு வலிக்கும். குளிரும் நடுத்தரம். கதவைத் திறந்து வெச்சு உட்காரலாம், ஸ்வெட்டர் ராத்திரிக்குப் போதும். குளிர் பிரதேசம்னா ஊட்டிதான்னு நினைக்கிறவங்க ஒரு தடவை பண்ணைக்காட்டுல தங்கிப் பாருங்க. 1,200லிருந்து 1,500 மீட்டர்தான் அறுபது வயசு உடம்புக்கு ஒத்துக்கிற உயரம்னு எனக்குத் தோணுது.

அப்புறம் ஏன் போகலை? அம்மாதான் காரணம். ராத்திரி பன்னண்டு மணிக்கு மூச்சு வாங்கினா வத்தலகுண்டு வரைக்கும் இறங்கி, அங்கேயிருந்து திண்டுக்கல்லோ தேனியோ மதுரையோ போகணும். எங்களுக்கு கோயம்புத்தூர்ல தெரிஞ்ச டாக்டர் இருந்தார். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அப்புறம் சமதரை. முடிவு அங்கேயே ஆயிடுச்சு.

நீங்க ரெண்டு பேரும் திடமா இருந்தா, சொந்தக்காரங்க மதுரைப் பக்கம் இருந்தா, நான் சொல்றது பண்ணைக்காடுதான். 2018ல கஜா புயல் அந்த மலை மேல ஏறி மரத்தை எல்லாம் சாய்ச்சதை மட்டும் மறக்காதீங்க. வீட்டை ஒட்டி சில்வர் ஓக் நின்னா முதல்ல அதைப் பாருங்க.

4 ஜூலை 2024

நாலு நாளா துணி காயலை.

5 ஜூலை 2024

நேத்து எழுதினது சலிப்பு இல்லை, தகவல். வீடு பார்க்கப் போறவங்க ஜன்னல் காட்சியைப் பார்க்காதீங்க, சுவரைப் பாருங்க. பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி அதுக்குப் பின்னாடி உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. ஈரமா, மாவு மாதிரி ஒட்டினா அந்த அறையில மழைக்காலத்துல படுக்க முடியாது. எங்க வீட்ல வடக்குச் சுவர்ல மாட்டின தோல் பெல்ட்டு ஒரு வாரத்துல சாம்பல் பூத்துடும். தீப்பெட்டி உரசினா மருந்து மட்டும் வழிச்சுக்கிட்டு வரும். கல்லுப்பு ஜாடிக்குள்ள தண்ணி நிக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா இதுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாங்க. மதியம் ஒரு மணி நேரமாவது வெயில் எட்டிப் பார்த்தா, வேலையெல்லாம் போட்டுட்டு எல்லா ஜன்னலையும் திறக்கணும். மூணு மணிக்கு மேகம் இறங்குறதுக்குள்ள மூடிடணும். இப்ப அதுதான் எங்க வீட்டு நேர அட்டவணை.

இன்னொண்ணு. 2,000 மீட்டர்ல தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். பருப்பு குக்கர் இல்லாம வேகாது. குளிர்ல இட்லி மாவு லேசுல பொங்காது. வீட்ல முதல் கம்பளி எனக்கு இல்லை, மாவுச்சட்டிக்குத்தான்.

1 ஆகஸ்ட் 2024

முந்தாநாள் விடியக்காலை வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. டிவியைப் பார்க்கவும் முடியலை, நிறுத்தவும் முடியலை. கூடலூர்ல இருந்து மலையைத் தாண்டினா அந்த ஊர்தான். அந்த ஜனங்க வேடிக்கை பார்க்க வந்து தங்கினவங்க இல்லை, தேயிலைத் தோட்டத்துல பாடுபட்டவங்க.

இன்னிக்கு நிலம் பத்தி எழுத மாட்டேன்.

6 ஆகஸ்ட் 2024

"அப்ப மலைக்கே போகக்கூடாதா?"ன்னு அம்பத்தூர் சார் கேட்டிருக்கார். போகலாம். ஆனா சரிவைப் படிக்கத் தெரிஞ்சுக்கணும்.

2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்தாங்க. அது எங்க மழை, வடகிழக்குப் பருவமழை. "கோத்தகிரி பக்கம் சாரல்தான்"னு ஜூன்ல எழுதினதோட சேர்த்து இதையும் படிங்க. நீலகிரியில சரியக்கூடிய இடம்னு அதிகாரிங்க அடையாளம் வெச்சிருக்கிறது 283. ஊர் பேரை வெச்சே பஞ்சாயத்துல விசாரிக்கலாம். வெட்கப்படாம கேளுங்க.

பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினது இது. மரம் எல்லாம் ஒரே திசையில சாஞ்சு, அடிமரம் வளைஞ்சு, நுனி மட்டும் நேரா வளர்ந்திருந்தா, அந்த மண்ணு மெதுவா இறங்கிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருந்தா, இல்லே சுவர்ல தண்ணி போக விட்ட ஓட்டை எல்லாம் அடைஞ்சிருந்தா விலகிடணும். மேட்டை வெட்டி, வெட்டின மண்ணைப் பள்ளத்துல தள்ளி சமப்படுத்தின மனையில, வீட்டோட பாதி வெட்டின தரையிலயும் பாதி கொட்டின மண்ணுலயும் நிக்கும். விரிசல் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் விடும். அவர் குச்சியால தரையில கோடு போட்டுக் காட்டினப்ப, அந்தக் கோட்டுக்கு நேர் மேல புதுசா ஒரு விடுதியோட மாடிப்படி இருந்தது.

பொக்லைன் வெச்சு மலையை வெட்ட இங்கே அனுமதி வேணும், வீடு 7 மீட்டருக்கு மேல உயரக்கூடாது, ஆழ்துளைக் கிணறு போடவும் கட்டுப்பாடு இருக்கு. இதை எல்லாம் தொந்தரவுன்னு சொல்ற தரகர் நிறைய. எனக்கு அது எல்லாம் பத்தலைன்னுதான் தோணுது.

19 ஆகஸ்ட் 2024

மத்த மலைகளைச் சுருக்கமா சொல்லிடுறேன்.

ஏற்காடு: சேலம் 30 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரி, ரயில் எல்லாம் கைக்கெட்டுற தூரம். ஓய்வு வாங்கினவங்களுக்கு இதைவிட வசதியான மலை தமிழ்நாட்டுல இல்லை.

ஏலகிரி: 14 கொண்டை ஊசி வளைவு, ஜோலார்பேட்டை கீழேயே. ஆனா குளிர்னு சொல்ல முடியாது. சனி ஞாயிறு சத்தம் வேற.

கொல்லிமலை: 70 வளைவு. பலாவும் அன்னாசியும் மிளகும் அவ்வளவு ருசி. நிலம் பெரும்பாலும் மலைவாழ் மக்களோடது. அதை மத்தவங்க வாங்குறது சட்டச்சிக்கல் மட்டும் இல்லை, நியாயமும் இல்லை. வாடகைக்கு இருங்க, அவங்ககிட்ட பலா வாங்கிச் சாப்பிடுங்க.

வால்பாறை: பெரும்பாலும் எஸ்டேட் கம்பெனிங்க கையில. தனி ஆளுக்கு மனை கிடைக்கிறது குதிரைக்கொம்பு. பக்கத்துல சின்னக்கல்லாறு தமிழ்நாட்டுலயே அதிக மழை பெய்யுற இடங்கள்ல ஒண்ணு.

தாளவாடி: திம்பம் மலைப்பாதையில ராத்திரி போக்குவரத்துக்குத் தடை இருக்கு. அம்மா மாதிரி ஒருத்தர் வீட்ல இருந்தா யோசிக்கணும்.

24 அக்டோபர் 2024

மூணு நாளா கரன்ட் வந்து வந்து போகுது. நேத்து ராத்திரி கொல்லையில பெரிய மூச்சு சத்தம். டார்ச் அடிச்சா காட்டுமாடு, குட்டியோட. பீன்ஸ் கொடி பந்தலோட போச்சு. அம்மா ஜன்னல்ல இருந்து "பாவம், பசி"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் படுத்துக்கிட்டாங்க.

காட்டுமாடு, கரடி, சிறுத்தை மூணும் இந்தப் பக்கம் சகஜம். கரடிக்கு எண்ணெய் வாசம் பிடிக்கும். கோயில்ல விளக்குக்கு ஊத்துற எண்ணெய்க்காகவே கதவை உடைச்சிட்டு வந்துடும். எண்ணெய், வெல்லம் எல்லாம் வீட்டோட நடு அறையில வெக்கிறோம். இருட்டினப்புறம் தனியா நடக்கிறது இல்லை. சுத்தி முள்வேலி போட்டா தீர்ந்துடும்னு நினைக்காதீங்க. உங்க வேலி அடுத்த வீட்டுத் தோட்டத்துக்கு அதைத் திருப்பி விடும், அவ்வளவுதான். வெளியூர்க்காரங்க வாங்குற மனையில முதல்ல எழும்புறது வேலிதான். ஊர்ஜனம் ஓடைக்குப் போற ஒத்தையடிப் பாதையும் அதோட அடைபடும். அதுக்கப்புறம் எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அந்த ஊர் உங்களைச் சேர்த்துக்காது. ஓடையை வளைக்காதீங்க. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

4 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ள வந்து ஏற்காட்டைப் புரட்டிப் போட்டிருக்கு. மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னுபோச்சு. திருவண்ணாமலையில வீட்டு மேலயே பாறை உருண்டு ஒரு குடும்பமே போச்சு.

ஏற்காடு பத்தி எழுதினதோட ஒரு வரி சேர்க்கணும். ஆஸ்பத்திரி 30 கிலோமீட்டர்ங்கிறது பாதை திறந்திருக்கிற நாளோட கணக்கு. எந்த மலைக்குப் போனாலும் இறங்குறதுக்கு ரெண்டாவது வழி இருக்கான்னு பாருங்க. கோத்தகிரியில மேட்டுப்பாளையம் பாதை அடைஞ்சா குன்னூர் சுத்தி இறங்கலாம். ரெண்டும் ஒரே மழையில அடையுறதும் உண்டு. அதனால மாசக்கடைசிக்கு மருந்து வாங்குற பழக்கத்தை விட்டுட்டு, எப்பவும் ஒரு மாச மருந்து கையில இருக்கிற மாதிரி வெச்சிருக்கோம்.

11 ஜனவரி 2025

உறைபனி ஆரம்பம். ஊட்டி தலைக்குந்தா புல்வெளி வெள்ளையா கிடக்கிற படத்தை எல்லாரும் அனுப்புறாங்க. அந்தப் படத்துலயே ஒரு பாடம் இருக்கு. குளிர்ந்த காத்து கனம், அது ராத்திரி பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். அதனால உறைபனி விழுறது பள்ளத்துல, மேட்டுச் சரிவுல இல்லை. ஓடைக்கரையில அழகான சமதரையா இருக்குன்னு வாங்கினா, உருளைக்கிழங்குச் செடியும் கருகும், உங்க முட்டியும் வலிக்கும். தெற்கோ கிழக்கோ பார்த்த சரிவா இருந்தா மார்கழி, தை மாசத்துல காலை வெயில் வீட்டுக்குள்ள வரும். வடக்கு பார்த்த செங்குத்துச் சரிவுல அந்த ரெண்டு மாசம் வெயில் தலைகாட்டுறதே அபூர்வம்.

அம்மாவுக்கு இந்த மாசம் சிரமம்தான். மதியம் சரியா இருக்காங்க, விடியக்காலை மூச்சு இழுக்குது. டாக்டர் தை மாசம் முழுக்கக் கீழே இருக்கச் சொல்றார். தங்கச்சி வீட்டுக்கு மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பியிருக்கோம். வயசானவங்களை வெச்சிருக்கிறவங்க அடிவாரத்துல ஒரு உறவு வீட்டைக் கணக்குல வெச்சுக்கிட்டு மலையைத் தேர்ந்தெடுங்க.

ஒரு எச்சரிக்கை. கரி அடுப்பை அறைக்குள்ள வெச்சுக் கதவை மூடிக்கிட்டுத் தூங்கிடாதீங்க. அப்படித் தூங்கி உயிர் போன சுற்றுலாக்காரங்க செய்தி ஊட்டியிலயும் வந்திருக்கு, கொடைக்கானல்லயும் வந்திருக்கு.

14 ஏப்ரல் 2025

நல்ல செய்தி. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இந்த மாசம் திறந்தாச்சு. மலையில இருக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெருசுன்னு ராத்திரி வளைவு வளைவா நோயாளியோட இறங்கினவங்களுக்குத்தான் தெரியும். அம்மாவும் திரும்பி வந்தாச்சு, கனகாம்பரத்துக்குப் பாத்தி கட்டிக்கிட்டு இருக்காங்க.

2025 சீசனுக்கு ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000னு நீதிமன்றம் வரம்பு வெச்சிருந்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வீடு பார்க்க வர்றதா இருந்தா ஏப்ரல், மே வேணாம். ஊர் தன் முகத்தைக் காட்டாத மாசம் அது.

9 ஜூன் 2025

அம்பத்தூர் சார் அரவேணுல வீடு வாடகைக்கு எடுத்துட்டார்! நேத்து கோத்தகிரி மார்க்கெட்டுல அவரே என்னைக் கண்டுபிடிச்சார். அண்ணி ஏற்கெனவே ரெண்டு கம்பளி வாங்கிட்டாங்களாம்.

அவர் கேட்டது: வாடகை வீட்டுக்குப் பக்கத்துலயே 8 சென்ட் விலைக்கு வருது, மழைக்கு முன்னாடி முடிச்சிடலாமான்னு. பொதுவா எல்லாருக்கும் உதவும், அதனால இங்கேயே எழுதுறேன்.

முடிக்காதீங்கண்ணா. கார்த்திகை வரைக்கும் பொறுங்க. விக்கிறவர் அவசரப்பட்டா போகட்டும், மலையில 8 சென்ட் மறுபடி வரும். அதுவரைக்கும் 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க. மூலப்பத்திரத்துல இருக்கிற சர்வே நம்பரும் பட்டாவுல இருக்கிறதும் ஒண்ணா, புலப்படத்துல, அதாவது நிலத்தோட அளவு வரைபடத்துல, ஓடையோ பாதையோ குறுக்கே போகுதா, கிராமத்து நில விவரம் இருக்கிற ‘அ’ பதிவேட்டுல அந்த நிலம் என்னன்னு எழுதியிருக்கு, நிபந்தனை போட்டு அரசு கொடுத்த பட்டாவா, அந்தக் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியல்ல வருதா. வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறதோட நிறுத்தாம தாலுகா ஆபீஸ் சர்வேயரையும் ஒரு தடவை பாருங்க.

நல்ல மழை அடிக்கிற அன்னிக்குக் குடையோட அந்த மனையில போய் நில்லுங்க. மேல் தோட்டத்துத் தண்ணி எந்த வழியா இறங்குது, உங்க மனைக்குள்ள வருதா, விலகிப் போகுதான்னு பார்த்துடலாம். நானும் கூட வர்றேன். உங்க வண்டி சென்னை நம்பர்ங்கிறதால உள்ளூர்க்காரங்களுக்கான இ-பாஸை (மலைக்கு வர்ற வண்டிக்கான அனுமதி) இந்த வாரமே வாங்கிடுங்க, இல்லேன்னா சோதனைச்சாவடியில ஒவ்வொரு தடவையும் நிக்க வேண்டியிருக்கும்.